வால் தட்டும் பிக்கப்: அறிகுறியைப் பார்த்துப் பின்பாடியைச் சரிசெய்யும் வழி

ஓடைக்குள் இறங்கும்போது ஒன்றும் ஆகாது. அக்கரை ஏற முன்சக்கரம் மேலே போகும்போதுதான் பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம், அப்புறம் கல்லை அரைத்துக்கொண்டு வரும் 'கர்ர்ர்'. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் பிக்கப் ஓட்டிப் பழகியதில், அந்தச் சத்தத்தை வைத்தே என்ன மாட்டியது என்று இப்போது சொல்லிவிடுவேன். முதல் இரண்டு வருடம் அது தெரியவில்லை. தேவையில்லாத இடத்தில் காசைக் கொட்டினேன். எந்த அறிகுறிக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்பதை அந்தச் செலவுதான் சொல்லிக்கொடுத்தது.

பிக்கப்பின் உடல்வாகு அப்படி. இசுசு வி-கிராஸின் நீளம் 5,295 மி.மீ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3,095 மி.மீ. போக, மீதி 2,200 மி.மீ. சக்கரங்களைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் பெரும்பங்கு பின்னால். பின்சக்கரத்தின் அடியிலிருந்து வாலின் அடிப்பகுதிக்கு ஒரு கோடு இழுத்தால் அது தரையோடு உண்டாக்கும் கோணம்தான் டிபார்ச்சர் ஆங்கிள். இனி பின்கோணம் என்றே சொல்கிறேன். டொயோட்டா ஹைலக்ஸுக்கு அது 26 டிகிரி. 2020-இல் வந்த மஹிந்திரா தாருக்கு 36.8 டிகிரி. தார்காரர் பேசிக்கொண்டே ஏறிப்போகிற கரையில் நாம் வால் மாட்டி நிற்பதற்கு இதுதான் காரணம். நம் ஓட்டுத்திறமையைப் பழிக்க வேண்டியதில்லை.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் சட்டத்தையும் ஒரு வரி பார்த்துவிடலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே சாலையில் ஓடும் வண்டியில் திரும்ப மாட்டக்கூடியதை மட்டும் கழற்றுங்கள். ஸ்பிரிங்கை நல்ல நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எதுவானாலும் ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தொட்டியை, அதாவது பின்னால் சுமை ஏற்றும் பெட்டியை, வெட்டும் வேலையெல்லாம் லாரியில் ஏற்றிக் கரட்டுப் பாதைப் போட்டிக்குக் கொண்டுபோகிற வண்டிக்குத்தான். என் பிக்கப் இன்றுவரை முழுசாகத்தான் இருக்கிறது. கீழே வெட்டுவதைப் பற்றி எழுதியிருப்பது, போட்டிக்கு மட்டும் போகும் நண்பரின் வண்டியில் கூட நின்று பார்த்தது, செய்தது.

எது தட்டுகிறது என்று தெரிந்துகொள்ள

சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து வண்டியின் அடியில் பூசுங்கள். டோ ஹூக் (டிரெய்லர் மாட்டும் இணைப்பு), பின்பம்பரின் கீழ்விளிம்பு, ஸ்டெப்னி, சைலென்சர் வாய், தொட்டியின் இரண்டு பின்மூலை என்று எல்லா இடத்திலும். காய்ந்ததும் வழக்கமாக மாட்டும் இடத்தில் நடை வேகத்தில் ஏறி இறங்குங்கள். சுண்ணாம்பு எங்கே அழிந்திருக்கிறதோ அதுதான் குற்றவாளி. வழக்கமான சுமையோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை என இரண்டு முறை செய்ய வேண்டும். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டாமல் போகலாம். அதுவே ஒரு துப்பு.

அடுத்து நூல். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கொத்தனார் நூலின் ஒரு முனையைப் பின்டயர் தரையைத் தொடும் இடத்தில் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பின்னால் கொண்டுபோய் மெதுவாக உயர்த்துங்கள். வண்டியில் எந்தப் பாகம் நூலை முதலில் தொடுகிறதோ அதுதான் பின்கோணத்தை முடிவு செய்கிறது. தரைக்கு மிக அருகில் இருப்பதுதான் மாட்டும் என்று நினைக்க வேண்டாம். சக்கரத்தை ஒட்டித் தாழ்ந்து தொங்குவதை விட, கடைசியில் கொஞ்சம் உயரத்தில் தொங்குவது சீக்கிரம் தட்டும்.

என் வண்டியில் நூலைத் தொட்டது டோ ஹூக். தரையிலிருந்து 450 மி.மீ. உயரம், டயர் தொடும் இடத்திலிருந்து 1,000 மி.மீ. தூரம். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் 0.45, கோணம் 24 டிகிரி. தோராயக் கணக்குதான், ஆனால் முடிவெடுக்க இது போதும். இதே வண்டியை 50 மி.மீ. தூக்கினால் கிடைப்பது 26 டிகிரி சொச்சம். தூக்காமல் ஹூக்கை மட்டும் கழற்றினால் அடுத்த தாழ்ந்த இடம் 530 மி.மீ. உயரத்தில் இருக்கிறது: 28 டிகிரி. ஹூக்கை விட்டுவிட்டு வாலில் 300 மி.மீ. குறைத்தால் 32 டிகிரிக்கு மேல். ஹூக்கும் போய் வாலும் குறைந்தால் 37, அதாவது தாரின் எண்.

நான் முதலில் செய்தது இந்த நான்கில் மிகக் குறைவாகப் பலன் தருவதை: வண்டியைத் தூக்கினேன். "தூக்கிட்டா எல்லாம் சரியாயிரும்ணே" என்று பட்டறைத் தம்பி சொன்னார், நானும் தலையாட்டினேன். நான்கு போல்ட்டில் நின்ற ஹூக்கை யாருமே பார்க்கவில்லை.

அறிகுறி: நேராக ஏறும்போது நடுவில் தட்டுகிறது

சத்தம் 'டங்' என்று ஒற்றை அடியாக இருந்தால் ஹூக். தகரம் நசுங்கும் சத்தமானால் பம்பர். சத்தமே இல்லாமல் வண்டி பின்னால் இழுபட்டு நின்றால், குறிப்பாக மணலிலும் சேற்றிலும், ஸ்டெப்னியைப் பாருங்கள்.

ஹூக்குக்கு வைத்தியம் எளிது. டிரெய்லர் இழுக்காத நாளில் அது வண்டியில் இருக்க வேண்டியதில்லை. போல்ட்டில் நிற்பதானால் கழற்றுங்கள். முளைக்கம்பி செருகி மாட்டியதானால் உருவி உள்ளே வையுங்கள். வெல்டிங் செய்து ஒட்டியிருந்தால், அந்த வெல்டிங் சேஸிஸின் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின்) நுனியை என்ன செய்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இன்னொன்று: மாட்டிய வண்டியை இழுக்க இந்த ஹூக்கில் இருக்கும் உருண்டையில் கயிறு போடவே கூடாது. அது டிரெய்லரின் நிதானமான இழுவைக்குச் செய்தது. பட்டென்று வெட்டி இழுத்தால் முறிந்து குண்டு மாதிரிப் பறக்கும், உயிரே போகும். சேஸிஸில் போல்ட் போட்ட, தாங்கும் எடை குறித்த கொக்கியில் டி ஷாக்கிள் (டி வடிவ இரும்பு வளையம்) போட்டு இழுங்கள்.

ஸ்டெப்னி பின்னச்சுக்குப் பின்னால், தொட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். மணலில் வண்டி கொஞ்சம் இறங்கியதும் அது ஏர்க்கொழு மாதிரி மண்ணைத் தள்ள ஆரம்பிக்கும். எடுத்துத் தொட்டிக்குள் போடலாம். ஆனால் சும்மா போட்டால் ஏறக்குறைய முப்பது கிலோ சக்கரம் இறக்கத்தில் கேபின் கண்ணாடியைத் தேடி வரும். கேபினை ஒட்டி நிற்க வைத்து போல்ட் போடுங்கள். தொட்டியின் தரைத் தகடு மெல்லியது. போல்ட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு 4 மி.மீ. தகடு கொடுக்காவிட்டால் இரண்டே மாதத்தில் ஓட்டை கிழிந்துவிடும். சுமை ஏற்றும் இடம் குறையும், அது உண்மை. நான் கரட்டுப் பாதைக்குப் போகும் நாளில் மட்டும் மேலே ஏற்றுகிறேன்.

பம்பர்தான் தட்டுகிறது என்றால், காலை வைத்து ஏறுவதற்கான படி கீழே தொங்குகிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் அந்தப் படி தனிப் பாகம்.

அறிகுறி: காலியாகப் போனால் தட்டவில்லை, சுமையோடு தட்டுகிறது

இது பின்பாடியின் குறை இல்லை, பட்டையின், அதாவது பின்னச்சின் மேல் வண்டியைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கின் குறை. சக்கரத்தின் நடுவிலிருந்து தொட்டியின் வளைவு விளிம்பு வரைக்கும் உயரத்தை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். அப்புறம் வழக்கமான சுமையை ஏற்றி மறுபடி அளங்கள். என் வண்டியில் ஆறு மூட்டை உரத்துக்கே 60 மி.மீ. இறங்கியது. 450 உயரம் 390 ஆனால் கோணம் 24-லிருந்து 21-க்குப் போய்விடுகிறது. இடமும் வலமும் ஒரே அளவில் இறங்கவில்லை என்றால் ஒரு பக்கம் பட்டை உடைந்திருக்கலாம். பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் நடு போல்ட் அறுந்திருக்கலாம்.

பழைய பட்டையை அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். காசு குறைவு. ஆனால் கேஸ் நெருப்பில் சூடாக்கி வளைத்தால் எஃகின் பதம் போய், அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி தொய்ந்துவிடும். சூடு காட்டாமல் அடித்தாலும் ஆயுள் புதுப் பட்டை அளவுக்கு வராது. செலவு தாங்குமானால் புதுசு போடுவதே மேல். பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டைப் பழசையே திரும்பப் போடாதீர்கள். ஒரு தடவை முறுக்கி இழுபட்டது மறுபடி அதே பிடிப்பைத் தராது.

காசே செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. கனமான மூட்டையைப் பின்கதவை ஒட்டிப் போடாமல் கேபினை ஒட்டி அடுக்குங்கள். பின்னச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் வாலை இறக்கி மூக்கைத் தூக்குகிறது; ஸ்டீயரிங்கும் லேசாகிவிடும்.

அறிகுறி: தூக்கிய பிறகு புதுப் புது வியாதி

பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்தோ, வளைவு கூடிய பட்டை போட்டோ தூக்கிவிட்டீர்கள். இப்போது மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, பிரேக். நிறைய பிக்கப்களில் பின்னச்சிலிருந்து சேஸிஸுக்கு ஒரு சின்னக் கம்பி போகும். அது ஒரு வால்வில் முடியும். சுமை ஏறி வாலிறங்கினால் பின்பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், காலியாக நின்றால் குறைக்கும். நீங்கள் வண்டியைத் தூக்கியதும் அந்த வால்வு 'வண்டி காலி' என்று நினைத்துக்கொள்ளும். சுமையோடு இறக்கத்தில் வரும்போது பின்பிரேக் ஒழுங்காகப் பிடிக்காது. மூக்கு குத்தும், முன் பேட் வேகமாகத் தேயும். அச்சுப் பக்கத்துப் பிராக்கெட்டைத் தூக்கிய அளவுக்கு உயர்த்தினால் சரியாகும். என்னிடம் இதைச் சொன்னவர் தூக்கிக் கொடுத்த பட்டறைக்காரர் இல்லை. பிரேக் பேட் மாற்றப் போன இடத்தில் ஒரு வயதான மெக்கானிக். "தம்பி, யாரு தூக்குனது? வால்வை விட்டுட்டாங்களே" என்றார். அதுவரை நான்கு மாதம் மலை இறங்கியிருக்கிறேன்.

இரண்டு, பிரேக் ஹோஸ். வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரங்களை முழுசாகத் தொங்கவிடுங்கள். ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் வில் நாண் மாதிரி விறைத்தால் நீளம் போதவில்லை.

மூன்று, கிளம்பும்போது அடியில் ஓர் உதறல். நடுவில் பேரிங் உள்ள இரட்டைத் தண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டில் (இன்ஜின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு) இது சகஜம். நடு பேரிங்கை வாஷர் வைத்துக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். போகாவிட்டால் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துக் கோணத்தைத் திருத்த வேண்டியிருக்கும். அதை அளந்து செய்யத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

அறிகுறி: வளைந்து ஏறும்போது பின்மூலை மாட்டுகிறது

நேராகப் போனால் ஒன்றுமில்லை. பாறைக்குப் பக்கத்தில் திரும்பினால் பின்விளக்குக்குக் கீழே நசுங்குகிறது. வண்டியை வலப்பக்கம் ஒடித்தால் பின்னச்சுக்குப் பின்னாலிருக்கும் வால் இடப்பக்கம் வீசும். வால் எவ்வளவு நீளமோ அவ்வளவு வீச்சு. ஓட்டுகிறவர் கண்ணாடியில் உட்புறச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இடி வெளிப்புறத்தில் விழும்.

முதல் வைத்தியம், இறங்கி நின்று வழிகாட்ட ஓர் ஆள். கேலிக்குச் சொல்லவில்லை, எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் கை காட்ட ஆரம்பித்த பிறகு மூலை நசுங்குவது பாதியாகக் குறைந்தது. இரண்டாவது, முழு அகலப் பம்பருக்குப் பதிலாக சேஸிஸ் அகலத்துக்கு மட்டும் நிற்கும் குட்டைப் பம்பர். மூலைகள் திறந்துகொள்ளும், மாட்டுவது குறையும். ஆனால் பின்னால் வரும் வண்டி மூலையில் இடித்தால் அடி நேராகத் தொட்டியில் விழும். போட்டி வண்டிகளில் பின்விளக்குக்கு அடியிலிருந்து சக்கரத்தை நோக்கித் தகரத்தைச் சாய்வாக வெட்டி, உள்தகட்டையும் வெளித்தகட்டையும் புதுத் தகடு வைத்து மூடிவிடுவார்கள். மூடாமல் விட்டால் இரண்டு தகட்டுக்கும் நடுவே சேறு அடைந்து, அங்கிருந்தே துரு ஆரம்பிக்கும்.

அறிகுறி: ஒரு சக்கரம் மேலே போகும்போது ரப்பர் கருகும் வாடை

டயர் தொட்டியின் வளைவுக்குள் உரசுகிறது. பெரும்பாலும் பெரிய டயர் போட்ட பிறகோ, சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் போட்ட பிறகோ ஆரம்பிக்கும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் கல்மேட்டில் ஏற்றி நிறுத்தி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். உரசிய இடம் பளபளவென்று இருக்கும். டயரின் உட்பக்கச் சுவர் தேய்ந்திருந்தால் பட்டையிலோ ஷாக் அப்சார்பரிலோ படுகிறது. வெளித்தோள் தேய்ந்திருந்தால் வளைவின் விளிம்பில் படுகிறது.

விளிம்பு மடிப்பை வெட்டாமல் உள்ளே அடித்து மடக்குவது நல்லது. இரண்டு தகட்டைச் சேர்த்துப் பிடிப்பது அந்த மடிப்புதான். வெட்டினால் இரண்டும் பிரியும். அதற்கும் மேல் உரசினால் அச்சு மேலே ஏறுவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பரை உயரமாகப் போடுங்கள். சக்கரம் ஏறும் தூரம் கொஞ்சம் குறையும், டயர் பிழைக்கும். ஸ்பேசரால் வந்த வினை என்றால் ஸ்பேசரைக் கழற்றுவதுதான் மருந்து.

அறிகுறி: தொட்டி கேபினில் இடிக்கிறது, அல்லது பின்கதவு சிக்குகிறது

பிக்கப்பில் கேபினும் தொட்டியும் தனித்தனி. கரட்டில் சேஸிஸ் முறுக்கும். அந்த முறுக்கலுக்குத்தான் நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். இடைவெளி மேலே குறுகி கீழே அகலமாக இருந்தால் தொட்டியின் போல்ட் தளர்ந்திருக்கிறது; பிராக்கெட் விரிசல் விட்டிருக்கவும் கூடும். இடத்தையும் வலத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். கேபினையும் தொட்டியையும் சேர்த்து இரும்புக் கேரியர் வெல்டிங் செய்திருந்தால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம், அதை வெட்டிப் பிரியுங்கள். முறுக்குவதற்கு வழியில்லாமல் கூரைத் தகடு கிழியும்.

அறிகுறி: பின்னால் மேட்டில் முட்டிய பிறகு இன்ஜின் இழுக்கவில்லை

சைலென்சர் வாயில் களிமண் அடைத்திருக்கும். இல்லையென்றால் வாய் நசுங்கியிருக்கும். குச்சியால் நோண்டுங்கள், இடுக்கியால் விரியுங்கள். அடிக்கடி நடந்தால் வாயைச் சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் உயர்த்தித் திருப்பலாம். கேபினுக்கு அடியிலேயே முடித்துவிட்டால் புகை உள்ளே வரும், அதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, இன்னும் தட்டுகிறது

இங்கேதான் வெட்டு வருகிறது. நண்பரின் வண்டியில் ஹூக் இல்லை, ஸ்டெப்னி மேலே, பட்டை புதுசு. அப்படியும் நூல் தொட்டியின் கடைசி விளிம்பைத்தான் தொட்டது. 300 மி.மீ. குறைப்பது என்று முடிவெடுத்தோம். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் பாடி கட்டியே பழகியவர்கள் நிறைய. அங்கே வேலை பார்த்த ஒரு டிங்கர் (தகர வேலைக்காரர்) எங்களோடு இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

எவ்வளவு வெட்டலாம் என்பதைத் தொட்டி தீர்மானிப்பதில்லை; சேஸிஸில் பட்டையின் பின்முனை தொங்கும் ஷாக்கிள் பிராக்கெட் தீர்மானிக்கிறது. சேஸிஸ் நுனி அந்தப் பிராக்கெட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும். சேஸிஸின் இரண்டு நீளச் சட்டத்தையும் சேர்க்கும் கடைசிக் குறுக்குச் சட்டமும் அங்கே இருந்தாக வேண்டும். அது போனால் பட்டை இழுக்கும் இழுப்பில் இரண்டு சட்டமும் ஆளுக்கொரு பக்கம் ஆடும். நுனியைக் கேஸில் வெட்டாமல் கட்டிங் வீலில் வெட்டினோம். கேஸ் சூடு பரவும் தூரம் அதிகம். புதுக் குறுக்குச் சட்டத்தைத் தடித்த தகட்டோடு உயர் இழுவிசை போல்ட்டில் மாட்டினோம். இழுக்கும் கொக்கி இரண்டையும் அதே இடத்தில் வைத்தோம். வெட்டிய நுனியை மூடினால் தண்ணீர் வடிய அடியில் ஓர் ஓட்டை விடுங்கள்.

வெல்டிங் மெஷினை ஆன் செய்வதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியூ கணினியின் சாக்கெட்டையும் உருவுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பிரேக் குழாயும் டீசல் குழாயும் சேஸிஸ் ஓரமாகத்தான் ஓடுகின்றன. டீசல் ஊற்றும் குழாயின் வாய் தொட்டியின் பக்கவாட்டில் பிடித்திருக்கும். தொட்டியைத் தூக்கும்போது அதை முதலில் விடுவிக்காவிட்டால் கிழிந்துவிடும். தீயணைப்பானும் ஒரு வாளி ஈரச் சாக்கும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

தொட்டியைக் கடைசியில் நறுக்கி எறிந்தால் பின்கதவுக்கு இடம் இருக்காது. சக்கர வளைவுக்கும் பின்விளக்குக்கும் நடுவிலிருந்து 300 மி.மீ. துண்டை எடுத்துவிட்டு, விளக்கும் கதவும் இருக்கும் வால் துண்டை முன்னே நகர்த்தி ஒட்ட வேண்டும். கேட்க எளிது. ஆனால் தொட்டி ஒரே அகலத்தில் இல்லை. பின்னால் போகப் போகக் கொஞ்சம் ஒடுங்குகிறது. ஒட்டும்போது இரண்டு விளிம்பும் சில மி.மீ. விலகி நிற்கும். மேல் விளிம்பையும் கதவு சேரும் இடத்தையும் முதலில் பொருத்திவிட்டு, விலகலைக் கீழே தள்ளிக்கொண்டு போய், அங்கே ஒரு கீறல் வெட்டு போட்டு இழுத்துச் சேர்த்தோம். வெளியே ஓடும் கோடு கொஞ்சம் உடைந்துதான் தெரிகிறது. போட்டி வண்டிக்கு அது போதும்.

வெட்டுவதற்கு முன்பே தொட்டிக்குள் ஆங்கிள் இரும்பைக் குறுக்கே வைத்துப் பொட்டு வெல்டிங் போட்டுவிடுங்கள். சேர்த்த பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவையும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். பின்கதவைச் சாத்தி வைத்துக்கொண்டே பொட்டு வைப்பது நல்லது. அப்போதே சிக்கல் தெரிந்துவிடும். முழு வெல்டிங்கை ஒரே ஓட்டமாக இழுத்தால் மெல்லிய தகடு அப்பளம் மாதிரி நெளியும். இரண்டு மூன்று செ.மீ. ஒரு பக்கம், ஆறவிட்டு மறுபக்கம், அப்புறம் நடுவில் என்று குதித்துக் குதித்துப் போட வேண்டும். எங்கள் டிங்கர் ஒரு பக்கத்துக்கு அரை நாள் எடுத்தார். அவசரப்படுத்திய நண்பரை டீ வாங்கி வர அனுப்பிவிட்டார்.

தேய்த்து முடித்ததும் உள்ளும் புறமும் துத்தநாகப் பிரைமர், சேர்ந்த இடமெல்லாம் சீலண்ட். வெளியே மட்டும் பட்டி பூசி அழகு பார்த்தால் உள்ளேயிருந்து துரு எட்டிப் பார்க்கும்.

வெட்டியதால் வரும் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். வால் எடை குறைந்ததால் காலி வண்டி ஈரச் சரிவில் பின்சக்கரம் சுழல்கிறது. பின்பிரேக் முன்னைவிடச் சீக்கிரம் பூட்டுகிறது. தொட்டியில் பழைய சுமை பிடிக்காது. தினமும் மூட்டை ஏற்றுகிறவருக்கு இது ஆகவே ஆகாத வேலை.

அறிகுறி: வெட்டி ஒட்டிய பிறகு விளக்கு கோளாறு, விரிசல்

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதா? எர்த் போயிருக்கிறது. பழைய எர்த் போல்ட் வெட்டிய துண்டோடு போயிருக்கும், அல்லது புதுப் பெயிண்டுக்கு மேல் மாட்டியிருப்பீர்கள். பெயிண்டைச் சுரண்டி, விளக்கிலிருந்து சேஸிஸுக்குத் தனி ஒயர் இழுங்கள்.

விரிசல் எப்போதும் செங்கோணமாக வெட்டிய மூலையில்தான் தொடங்கும். மூலைகளை வளைவாக வெட்டியிருந்தால் வந்திருக்காது. வந்துவிட்டால் விரிசல் முடியும் நுனியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு நிறுத்திவிட்டு, அப்புறம் வெல்டிங் செய்து உட்பக்கம் தகடு வையுங்கள். ஓட்டை போடாமல் மேலே மட்டும் வெல்டிங் போட்டால் விரிசல் அதைத் தாண்டி ஓடும்.

முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட், தொட்டி போல்ட், குறுக்குச் சட்ட போல்ட் எல்லாவற்றையும் மறுபடி முறுக்குங்கள். பிறகு இன்னொரு தடவை சுண்ணாம்பு பூசி அதே ஓடைக்குப் போங்கள்.

அறிகுறி: ரிவர்ஸ் எடுத்தால் மட்ஃபிளாப் பிய்ந்துபோகிறது

டயருக்கும் கல்லுக்கும் நடுவில் மட்ஃபிளாப் சிக்கிக்கொள்கிறது; டயர் பின்னால் உருளும்போது அதை இழுத்துப் பிய்க்கிறது. ஃபிளாப்பின் கீழ்முனையில் ஓட்டை போட்டு ஒரு சின்னச் சங்கிலி கோத்துவிடுங்கள். கரட்டில் இறங்கும் முன் அதை மேலே தூக்கித் தொட்டிக் கொக்கியில் மாட்டுங்கள். தார்ச்சாலை வந்ததும் இறக்கிவிடுங்கள். நான் இறக்க மறந்து பட்டிவீரன்பட்டி வரை வந்து, பின்னால் பைக்கில் வந்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.